ஆறடியா எட்டடியா

சர்ச் அலுவலகத்தில் குணசேகரின் விரல் கல்லறைப் பதிவேட்டில் இறங்கிக்கொண்டே வந்து ஒரு வரியில் நின்றது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, மறுபடி இறக்கிப் படித்தார்.

"ஆறடின்னு இருக்கேம்மா."

மோனிகாவுக்கு அது தெரியும். எழுதிக் கொடுத்ததே அவள்தான். விடியற்காலை ஐந்து மணிக்கு அப்பா யேசுதாஸின் மூச்சு நின்றதிலிருந்து டாக்டர், சர்டிபிகேட், ஐஸ் பெட்டி என்று ஓடியதெல்லாம், இந்த ஒரு வரிக்கு முன்னால் வந்து உட்காருவதைத் தள்ளிப்போடத்தான்.

"அம்மா தவறி மூணு வருஷம்தான் ஆகுது. ஆறடிக் குழியை ஏழு வருஷம் ஆகாம தொறக்க விடமாட்டாங்க. எட்டடி வெட்டியிருந்தா அப்பாவை மேலேயே வச்சிருக்கலாம். நான் போட்ட ரூல் இல்லம்மா இது."

"வேற எடம் இருக்கா அங்கிள்?"

"பின் சுவரோரமா ஒண்ணு இருக்கு. போய்ப் பாத்துட்டு வா. நாலு மணிக்கு அடக்கம்னா இப்பவே வெட்டச் சொல்லணும்."

முந்தாநாள் ஆக்சிஜன் குழாயைக் கொஞ்சம் ஒதுக்கிவிட்டு, அம்மாவின் பெயரைச் சொல்லி அப்பா கேட்டது ஒன்றே ஒன்றுதான். "ஜோசபின்கூடவே வச்சிடும்மா." அவளும் "சரிப்பா, பேசாம தூங்குங்க" என்று தலையாட்டிவிட்டாள். முடியாது என்று தெரிந்தே ஆட்டிய தலை அது.

இதில் கொடுமை என்னவென்றால், முடிவுக்குத் திட்டம் போடுவதுதான் மோனிகாவின் வேலையே. ஓசூர் ரோட்டில் ஒரு இன்ஜினியரிங் கம்பெனி. ஆயுள் முடிந்த அணுமின் நிலையத்தை எப்படி மூடுவது, அதற்கு என்ன செலவு பிடிக்கும் என்று பதினாறு வருடமாகக் கணக்குப் போடுகிறாள். உடனே பிரித்துவிடுவதா, அல்லது பூட்டிக் காவல் போட்டு, ஐம்பது வருடம் கழித்துக் கதிர்வீச்சு அடங்கியபின் பிரிப்பதா. எத்தனை டன் கான்கிரீட், எத்தனை டிரம் கழிவு. அஸ்திவாரமே தோண்டாத உலைக்கு, இன்னும் பிறக்காத காவல்காரனுக்குச் சம்பளம் போட்டு வைத்த மகராசி. ஊருக்கெல்லாம் பலன் சொல்லும் பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்ததாம்.

மூன்று வருடத்துக்கு முன்னால் இதே மேஜையில்தான் அந்தப் படிவத்தை நிரப்பினாள். ஆழம்: ஆறடியா, எட்டடியா. பக்கத்து நாற்காலியில் அப்பா இருமிக்கொண்டிருந்தார். எட்டில் டிக் அடித்தால், மேலே இருக்கும் இடம் யாருக்கு என்று அவருக்குத் தெரிந்துபோகும். மனைவியைப் பறிகொடுத்து ஆறு மணி நேரம்கூட ஆகாத மனுஷனுக்கு அதை எப்படிக் காட்டுவது? உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு ஆறில் டிக் அடித்தாள்.

கல்லறைக்குப் போகும் வழியில் மேனேஜர் பத்ரிநாத் போன் செய்தார். விஷயம் தெரிந்துதான் பேசினார், பாவம். "மீட்டிங்கை நான் பாத்துக்கறேன்மா, நீ ஒண்ணும் யோசிக்காதே. ஆனா அந்த ஐம்பது வருஷத்தை முப்பதா குறைக்கச் சொல்றாங்க. அது ஒண்ணு மட்டும் சொல்லிடு."

"குறைக்க முடியாது சார். அடங்க அவ்வளவு நாளாகும்."

சொல்லிவிட்டுப் போனைப் பைக்குள் போட்டாள். ஆட்டோ சிக்னலில் நின்றுகொண்டிருந்தது.

குழி வெட்டும் நாகேஷ், பின் சுவரோர இடம் என்றதும் மண்வெட்டியை எடுக்காமல் அவளையே பார்த்தான்.

"அங்க எதுக்கு மேடம்? அம்மாவோடது எட்டடிதானே."

"ஆறு. நான்தான் எழுதிக் குடுத்தேன்."

"நீங்க எழுதினீங்க. அன்னிக்கு மத்தியானம், நீங்க பூ வாங்கப் போனப்போ, அப்பா மட்டும் இங்க வந்தாரு. ஆறடி முடிச்சு ஏறிட்டேன். இன்னும் ரெண்டடி எறக்குன்னாரு. எறக்கினதும், ஏணி போட்டு அவரே உள்ள போனாரு. வேணாம் சார்னு சொன்னேன், கேக்கல. சுத்தி மண்ணைத் தட்டித் தட்டிப் பாத்தாரு. கோலார் சுரங்கத்துல இருந்தவராமே?"

"ஆமா."

"இந்தப் பக்கம் சரியும், கொஞ்சம் சாய்ச்சு வெட்டுன்னாரு. கரெக்டாத்தான் சொன்னாரு. மேல வந்து ரொம்ப நேரம் இருமினாரு. அப்புறம், பொண்ணுகிட்ட சொல்லாதே, தாங்காதுன்னாரு. ஆபீஸ்ல அவரே சொல்லியிருப்பாருன்னு நெனச்சேன்."

அவள் நம்பவில்லை என்று நினைத்தோ என்னவோ, நாகேஷ் நீளமான இரும்புக் கம்பி ஒன்றை எடுத்துவந்து அம்மாவின் தலைமாட்டில் நிறுத்தி அழுத்தினான். கம்பி போய்க்கொண்டே இருந்தது. ஆறடிக்கு வைத்திருந்த சிவப்புக் குறியும் மண்ணுக்குள் மறைந்தது.

முதலில் நிம்மதிதான் வந்தது. பின்னாலேயே கோபம், யார்மேல் என்று தெரியாத கோபம். மூன்று வருடம் ஒரே வீடு, ஒரே சாப்பாட்டு மேஜை. அவள் ஆறடியை மறைத்தாள், அவர் எட்டடியை மறைத்தார். தன் குழிக்குள் தானே இறங்கி மண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டு வந்த மனிதர், அன்று ராத்திரி அவளுக்கு ரசம் சூடுபண்ணிக் கொடுத்து, "சாப்பிடும்மா" என்றார். அவளும் சாப்பிட்டாள்.

"தொறந்துடலாமா மேடம்?"

"தொறங்க" என்றாள்.

அலுவலகத்துக்குத் திரும்பியபோது குணசேகருக்கு நாகேஷின் போன் வந்துவிட்டிருந்தது. பதிவேட்டை அப்படியே அடித்து எழுத முடியாது, திருத்தப் படிவம் வேண்டும் என்று ஒரு தாளை நீட்டினார். இறந்தவர் பெயர், கல்லறை எண், பழைய ஆழம், சரியான ஆழம் எல்லாம் மளமளவென்று எழுதினாள். கடைசிக் கட்டத்தில் பேனா நின்றுவிட்டது. பிழை நேர்ந்த காரணம்.

"எதையாச்சும் எழுதும்மா" என்றார் குணசேகர். "தெரியாம நடந்துடுச்சுன்னு எழுது. யார் படிக்கப் போறாங்க."

மோனிகா சற்று யோசித்துவிட்டு எழுதினாள்: 'அப்பாவிடம் நான் கேட்கவில்லை.'

குணசேகர் தாளை வாங்கிப் படித்தார். இழுப்பறையைத் திறந்து முத்திரையைத் தேட ஆரம்பித்தார்.