குதிகாலுக்குப் பின்னால் ஒரு செங்கல்

முதல் பந்திலேயே துர்காவின் இடது கால் விலகியது. மட்டை சுழல்வதற்கு முன்பே அது பின்பக்கமாக ஒரு சாண் போய்விட்டது. உடம்பும் காலோடு போனது. மட்டை காற்றைத்தான் அடித்தது.

"ஒண்ணு," என்றார் காந்திமதி மேடம், அட்டையில் கோடு போட்டபடி. மாவட்ட சாஃப்ட்பால் அணிக்கு ஆள் எடுப்பவர் அவர். ஆளுக்குப் பத்துப் பந்து. அதில் குறைந்தது மூன்று, தளங்கள் அடங்கிய உள்களத்தைத் தாண்டிப் போனால்தான் பட்டியலில் பெயர் வரும் என்று காலையிலேயே சொல்லிவிட்டார்.

நான் துர்காவின் பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. தாம்பரத்தில் இந்தக் கல்லூரி மைதானம் என் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். துர்காவும் அவள் அம்மா அங்காளம்மாவும் கோவளம் பக்கத்துக் குப்பத்திலிருந்து விடியும்போதே கிளம்பி, கேளம்பாக்கத்தில் பஸ் மாறி வந்திருந்தார்கள். அங்காளம்மா இன்று விற்பதற்கு மீன் எடுக்கப் போகவில்லை. மைதானத்தின் கம்பிவலைக்குப் பின்னால் என்னை ஒட்டி நின்றாள்.

"இன்னா மிஸ், காலு அப்டிக்கா ஓடுது? வூட்ல தொடப்பத்த மட்டையாட்டம் வச்சிகினு நல்லாதான நின்னுகினு இருந்தா?"

"கொஞ்சம் பயம்க்கா. சரியாயிடும்."

"அன்னிக்கு நகுந்ததாலதான அடி பட்டுச்சு. அவளேதான் சொன்னா. நகராதடீ, நகராதடீன்னு நானும் தலபாடா அடிச்சிகினேன்."

இரண்டாவது பந்துக்கும் கால் விலகியது.

துர்காவுக்குப் பதின்மூன்று வயது. மற்றப் பிள்ளைகளைப் போல அவளும் கிரிக்கெட் பழக்கத்தோடுதான் வந்தாள். மட்டையைத் தரையில் தட்டிக்கொண்டு நிற்பாள். அதை மறக்கடிக்கவே ஒரு மாதம் ஆனது. சாஃப்ட்பாலில் கைகள் காதருகே. முழங்கால்கள் லேசாக மடங்கி. முதலில் இடுப்பு திரும்பும், பிறகுதான் கை வரும். பின்னங்காலின் முன்பாதத்தைக் கரப்பானை நசுக்குவதுபோல் திருப்பு என்பேன். "எங்கூட்ல நண்டுதான் மிஸ் கீது, நசுக்குனா கட்ச்சிரும்," என்று சிரிப்பாள். எல்லாம் வந்துவிட்டது. பந்து நெருங்கும்போது முன்னங்கால் பின்வாங்குவது மட்டும் போகவில்லை.

ஏழு வாரத்துக்கு முன் ஒரு சாயங்காலம், மற்றவர்கள் போன பிறகு, சுற்றுச்சுவர் ஓரம் கிடந்த செங்கல் ஒன்றை எடுத்து அவள் இடது குதிகாலுக்குப் பின்னால் வைத்தேன். இனி கால் எங்கே போகும் பார்க்கலாம் என்றேன். பத்துப் பதினைந்து பந்து சரியாகப் போனது. என் முறை வேலை செய்கிறது என்ற சந்தோஷத்தில் வேகத்தைக் கூட்டினேன். கை வியர்த்திருந்தது. பந்து வழுக்கி அவள் உடம்பை நோக்கிப் போனது. அவள் விலகப் பார்த்தாள். குதிகால் செங்கலில் இடித்து நின்றது. பந்து இடது முன்கையில் பட்ட சத்தம் எனக்கு இன்றும் கேட்கிறது. எலும்பில் மயிரிழைக் கீறல். மூன்று வாரம் கட்டு.

அந்தச் சத்தத்துக்கு அடுத்து நான் செய்தது என்ன என்று யாரும் கேட்டதில்லை. அவளிடம் ஓடும் வழியில் குனிந்து செங்கலை எடுத்துச் சுவரோரம் எறிந்தேன். பிறகுதான் அவள் கையைப் பிடித்தேன். "ஏன்டி நகர்ந்த?" என்று கேட்டேன். வலியில் அவள் தலையாட்டினாள். தலைமையாசிரியையிடமும் அங்காளம்மாவிடமும் அவள் நகர்ந்ததால்தான் அடி பட்டது என்றே சொன்னேன். நாலைந்து முறை சொன்ன பிறகு எனக்கே அது நடந்ததுபோல் இருந்தது.

"அஞ்சு," என்றார் காந்திமதி மேடம். ஒன்றுகூடத் தாண்டவில்லை.

துர்காவின் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. நகர மாட்டேன், நகர மாட்டேன் என்று தனக்கே சொல்லிக்கொள்கிறாள். மனசு நில் என்கிறது. கால் மட்டும் நடந்ததை மறக்கவில்லை. அது பொய் சொல்லவில்லை. பொய் சொன்னவள் நான், வலைக்குப் பின்னால் நிற்கிறேன்.

"மேடம், ஒரு நிமிஷம்."

"கோச்சிங் எல்லாம் நேத்தோட முடிஞ்சிருக்கணும் ஆஷா. அரை நிமிஷம், போங்க."

அங்காளம்மாவுக்கும் துர்காவுக்கும் நடுவே பத்தடிகூட இல்லை. குரலைத் தாழ்த்திக்கொள்ளலாம். தாழ்த்தினால் இதுவும் அந்தச் செங்கல் மாதிரி சுவரோரம் போய்விடும் என்று தோன்றியது.

"துர்கா, அன்னைக்கு நீ நகர்ந்ததால அடி படல."

"நகுந்தேனே மிஸ்."

"நகரப் பார்த்த. கால் செங்கல்ல இடிச்சுது. நான் வச்ச செங்கல். பந்தும் என் கைலேருந்துதான் தப்பா வந்துச்சு. நீ நகர்ந்தன்னு சொன்னது பொய். நான் சொன்ன பொய்."

அவள் என்னைப் பார்க்கவில்லை. தன் குதிகாலுக்குப் பின்னால் இருந்த வெறும் மண்ணைப் பார்த்தாள்.

"அப்போ நகரலாமா மிஸ்?"

"உன் மேல வர்ற பந்துக்கு நகரணும்."

"சரி. போங்க மிஸ்."

நான் வலைக்குத் திரும்பியபோது அங்காளம்மா கம்பியை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

துர்கா மறுபடி நின்றாள். ஆனால் நான் கற்றுக்கொடுத்த மாதிரி இல்லை. இடது காலை முதலிலேயே பின்னால் தள்ளி வைத்துக்கொண்டாள். நெஞ்சு பாதி திறந்து, பந்து வீசுபவளைப் பார்த்திருந்தது. காலை உள்ளே வை என்ற வார்த்தை என் நாக்கின் நுனிவரை வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

ஆறாவது பந்து மட்டையின் நுனியில் உரசி உருண்டது. ஏழாவதற்குத் தள்ளியிருந்த கால் பந்தை நோக்கி உள்ளே வந்தது. இடுப்பு திரும்பியது, அப்புறம் கை. பந்து உள்களத்தைத் தாண்டி விழுந்தது. எட்டாவது அதைவிடத் தூரம். ஒன்பதாவது தாழ்வாக, இரண்டாம் தளத்துக்கு மேலே சீறிப் போனது.

பத்தாவது பந்து தப்பாக வந்தது. நேராக அவள் விலாவைப் பார்த்து. துர்கா இரண்டு காலையும் எடுத்து விலகினாள். பந்து அவள் நின்ற இடத்தின் வழியாகப் போய் வலையில் மோதியது.

"பத்து," என்றார் காந்திமதி மேடம். "நல்லா வெலகுன."

பட்டியலை வாசித்தபோது துர்காவின் பெயர் பதின்மூன்றாவதாக வந்தது. அவள் மற்றப் பெண்களோடு தண்ணீர் குடிக்க ஓடினாள், என் பக்கம் திரும்பாமல். அங்காளம்மா என் எதிரே வந்து நின்றாள்.

"பேரு வந்துச்சில்ல மிஸ்?"

"வந்துருச்சுக்கா."

"அந்தச் செங்கல்லு எம்மாம் பெருசு கீது?"

கைப்பையைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கைகளையும் விரித்து அளவு காட்டினேன். முழுச் செங்கல். அவள் என் கைகளுக்கு நடுவே இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாளிக்கு எச்.எம்.ம பாக்க வரேன்," என்றாள். "அங்கயும் இதே மாறி காட்டுங்க."