இரண்டாவது முழங்கை

கோதுமை விலை சரிந்த ஆண்டில்தான் மெர்வ் கிட்டோவின் இடது கையில் இரண்டாவது முழங்கை மூட்டு முளைத்தது. பழைய மூட்டுக்கும் மணிக்கட்டுக்கும் சரிபாதியில் முளைத்தது. கூல்டா ஊரே விலையைச் சொல்லிப் புலம்பிக்கொண்டிருந்த வாரம் என்பதால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மாதம் ஒருமுறை வரும் டாக்டர் அதை முன்னும் பின்னும் மடக்கிப் பார்த்து, "வலிக்குதா?" என்றார். இல்லை என்றான் மெர்வ். "அப்ப விட்டுடு" என்ற டாக்டர், தன் பழைய காரில் டாஷ்போர்டுக்குப் பின்னால் ஹீட்டர் மோட்டார் துருவோடு துருவாக ஒட்டிக்கிடப்பதைச் சொல்லி, சனிக்கிழமை வரமுடியுமா என்று கேட்டார். மெர்வ் போனான். கை உள்ளே நுழைந்து ஒரு முறை வளைந்தது, இருட்டுக்குள் இன்னொரு முறை வளைந்தது, ஊற்றிவைத்த தேநீர் ஆறுவதற்குள் மோட்டாரோடு வெளியே வந்தது.

இந்தச் சேதி கேட்டு ஊரில் ஒருவனுக்கு மட்டும் ஆட்டுக்கறி தொண்டையில் நின்றது. அவன் மெர்வின் பக்கத்து வீட்டுக்காரன் நோயல் பாஸ்கோ. இரண்டு வீட்டுக்கும் நடுவே இருப்பது ஒரு கம்பி வேலி மட்டும்தான். அதுவரை கூல்டா பழைய கார் சங்கத்தில் கழற்ற முடியாததைக் கழற்றுகிறவன் என்றால் அது நோயல்தான். சங்கத்துக் கொட்டகையில் தேநீர்ப் பாத்திரத்துக்கு மேலே ஒரு பலகை உண்டு. துருவேறி உயிரை வாங்கிய போல்ட் எதுவானாலும், வெளியே வந்தபிறகு அந்தப் பலகையில் தொங்கவேண்டும். கார் யாருடையது என்பதற்கு அங்கே மதிப்பில்லை. கழற்றியவன் பெயருக்குக் கீழேதான் தொங்கும். கார்க்காரன் ஒரு பெட்டி பீர் வாங்கித் தருவான். நோயல் பெயருக்குக் கீழே போல்ட்டுகள் திராட்சைக் குலை மாதிரி தொங்கிக்கொண்டிருந்தன. அவன் எண்ணெய் விட்டு ஊறப்போடுவான், சூடு காட்டுவான், சூட்டில் மெழுகை உருக்கி மரைக்குள் இறக்குவான், முதலில் கொஞ்சம் இறுக்கி ஏமாற்றிவிட்டுப் பிறகு தளர்த்துவான். ஒரு போல்ட்டுக்கு ஒரு வாரம் எடுத்துக்கொள்வான், அந்த வாரத்தைப் பற்றி ஒரு மாதம் பேசுவான். மெர்வோ கையை விடுவான், எடுப்பான், "வேற ஏதாச்சும் இருக்கா?" என்பான். இரண்டு குளிர்காலத்துக்குள் அவன் குலை நோயலின் குலையைவிட நீண்டு கீழே இறங்கிவிட்டது.

நோயலுக்கு வயிறு எரிய ஆரம்பித்தது. நம் ஊர்களில் ஒருவன் வயிறு எரிந்தால் அடுத்தவன் வீட்டு மாடு பால் வற்றும் என்பார்கள். கூல்டாவில் மரைகள் இறுகின. நோயல் தேவாலயத்து வாசலைக் கடந்துபோனால் கேட் தாழ்ப்பாள் சிக்கிக்கொண்டது. மதுக்கடையில் யாராவது மெர்வைப் புகழ்ந்தால், நோயல் உட்கார்ந்திருந்த பக்கத்து பாட்டில்களைத் திறக்க இடுக்கி தேவைப்பட்டது. அவன் மனைவி டல்சி பாதாமி ஜாம் போடுவதில் பெயர் வாங்கியவள். காலையில் மூடியைத் திருகிப் பார்த்தே, முந்தைய நாள் சங்கத்தில் மெர்வ் என்ன கழற்றினான் என்பதை அவள் ஏறக்குறையச் சரியாகச் சொல்லிவிடுவாள். "ஸ்டார்ட்டர் மோட்டாரா?" என்பாள். நோயல் ரொட்டியை வெறும் வெண்ணெயோடு தின்றுவிட்டு எழுந்துபோவான்.

இப்படியே போயிருந்தால் ஜாமோடு போயிருக்கும். ஆனால் மகள் ராயலீனுக்குக் கல்யாணம் நிச்சயமானது. தேவாலயத்துக்குத் தாத்தாவின் காரில்தான் போவேன் என்றாள் அவள். டல்சியின் அப்பா ஆல்ஃப் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து நான்கில் வாங்கிய ஹோல்டன் அது. டல்சி தன் கல்யாணத்துக்குப் போனதும் அதில்தான். அவர் செத்தபிறகு கோழிகள் அதற்குள் முட்டையிட்டுக்கொண்டிருந்தன. நோயல் கோழிகளை விரட்டி, தகரம் மாற்றி, என்ஜினை உறுமவைத்துவிட்டான். கிளட்ச் மட்டும் தேய்ந்துபோயிருந்தது. அதை மாற்ற கியர்பாக்ஸை இறக்கவேண்டும், அதற்கு முன்னே என்ஜினோடு அதைப் பிணைத்திருக்கும் போல்ட்டுகளைக் கழற்றவேண்டும். எல்லாம் வந்தன, உச்சியில் இருந்த ஒன்றைத் தவிர. அது என்ஜினின் முதுகுக்கும் தகரச் சுவருக்கும் நடுவே, பார்வைக்குப் படாத இடத்தில் இருந்தது. மேலிருந்து விட்டால் விரல் நுனி தொடும், ஸ்பேனர் திரும்பாது. கீழிருந்து நீட்டுக்குழாய் போட்டால் சாக்கெட் வழுக்கும். ஒரு மூட்டு உள்ள கை எதற்கும் அது எட்டாது.

இரண்டு மூட்டு உள்ள கை வேலிக்கு அப்பால் கத்தரிக்கோலால் ரோஜாச் செடி வெட்டிக்கொண்டிருந்தது.

நோயல் கேட்கவில்லை. கேட்காததோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. சங்கத்தில் ஒருவன், "என்னடா நோயல், மெர்வக் கூப்பிட வேண்டியதுதான?" என்று இளித்தபோது, "அது எப்பவோ வந்தாச்சு" என்று சொல்லிவிட்டான். சொன்னபிறகு பலகையில் தொங்கவேண்டுமே? பழைய இரும்புக் குவியலில் ஒரு போல்ட்டைப் பொறுக்கி, மண்ணில் புரட்டி, தன் பெயருக்குக் கீழே கட்டிவிட்டான். எல்லாரும் தோளில் தட்டினார்கள். மெர்வ் மட்டும் பக்கத்தில் வந்து, அதை விரலால் ஒருமுறை சுண்டிப் பார்த்து, "நல்ல போல்ட்" என்று சொல்லிவிட்டுப் போனான். அதைச் சொன்ன விதம் நோயலின் வயிற்றில் போய் உட்கார்ந்துகொண்டது. அன்றைக்கு ஊர்க் குழாய்கள் பாதி திறக்கவில்லை.

அதன்பிறகு அவன் காருக்கு அடியில் குடியிருந்தான். அவன் எண்ணெய் விட விட, நெருப்பு காட்டக் காட்ட, போல்ட் இன்னும் உள்ளே போனது. இதில் அதிசயம் எதுவும் இல்லை. திருகும்போதெல்லாம் அவன் மெர்வை நினைத்தான். கடைசியில் அதன் தலை மழுங்கி, பல் விழுந்த ஈறு மாதிரி ஆனது. கல்யாண வாரம் வந்தது. ராயலீன் காருக்குக் கட்ட வெள்ளை ரிப்பன் வாங்கி வந்தாள். அவள் சிரிப்பைப் பார்க்கமுடியாமல் நோயல் மறுபடி அடியில் நகர்ந்துகொண்டான்.

வியாழக்கிழமை காலை டல்சியால் ஒரு மூடியைக்கூடத் திறக்க முடியவில்லை. ஜாம், ஊறுகாய், கடைசியில் பல் விளக்கும் பசையும்கூட. அவள் கொட்டகைக்கு வந்து, வெளியே நீட்டிக்கொண்டிருந்த இரண்டு பூட்ஸ் கால்களுக்கு முன்னால் நின்றாள்.

"நோயல், அந்த போல்ட் இன்னும் உள்ளதான இருக்கு?"

பூட்ஸ் இரண்டும் இன்னும் கொஞ்சம் உள்ளே நகர்ந்தன.

"எங்கப்பா கார்ல என் பொண்ணு போவாளா மாட்டாளா? அத மட்டும் சொல்லு."

"போவா. இன்னும் ஒரு நாள் குடு."

"உனக்கு ஒரு நாள் குடுத்தா அத வெல்டு வெச்சுடுவ" என்றாள் டல்சி. நேரே வேலிக்குப் போய், "மெர்வ், கத்தரிக்கோல வெச்சுட்டு வா" என்றாள்.

மெர்வ் வந்தான். அவன் சட்டைகளுக்கெல்லாம் இடது கை இருக்காது. எந்தத் துணியானாலும் இரண்டாவது மூட்டில் கிழிந்துவிடுவதால் தோளோடு வெட்டிவிட்டிருந்தான். பானெட்டுக்குள் குனிந்து கையை இறக்கினான். கீழே படுத்திருந்த நோயலின் முகத்துக்கு மேலே, தகரத்துக்கும் என்ஜினுக்கும் நடுவே, அந்தக் கை மெல்லத் தலைகாட்டியது. அவ்வளவு அருகில் நோயல் அதைப் பார்த்ததே இல்லை. சாதாரணக் கைதான், மயிரும் தழும்பும் உள்ளது. அதற்கே அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மெர்வின் இடுக்கி மழுங்கிய தலையைக் கவ்வியது, திருகியது. போல்ட் அசையவில்லை. மெர்வ் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக மூச்சு வாங்கினான்.

"டேய், கொஞ்சம் வேற ஏதாச்சும் நெனச்சுக்கடா" என்றது மேலிருந்து குரல்.

"நான் என்ன நெனைக்கிறேன்னு உனக்கென்ன தெரியும்?"

"ஊருக்கே தெரியும். பலகையில தொங்குறது டிராக்டர் போல்ட்டுன்னும் எனக்குத் தெரியும்."

நோயலுக்கு முகம் சுட்டது. போல்ட் கிறீச்சென்று இன்னும் இறுகியது. "அப்ப ஏண்டா அன்னிக்கே சொல்லல?"

"சொல்லி? எனக்கு அங்க அத்தன போல்ட் தொங்குது. வீட்டுக் கொடியில முழுச் சட்ட ஒண்ணு தொங்குதா பாரு." மெர்வ் கையை விட்ட இடத்திலேயே விட்டுவிட்டுப் பேசினான். "சனிக்கெழம நான் வரல, டல்சிகிட்ட சொல்லிடு. ஒத்தக் கை கோட்டுல சர்ச்சுக்கா வர்றது? தெனமும் சாயங்காலம் உங்க சமையக்கட்டு வெளக்கப் பாத்துக்கிட்டுதான் நான் டின் பீன்ஸ் திங்கிறேன். நீ ஏதோ உளறுவ, அவ சிரிப்பா. பாக்கப் பாக்க வயிறு எரியும்டா."

"யாரப் பாத்து?"

"ஒன்னப் பாத்துதான்டா. பின்ன, நாயப் பாத்தா?"

நோயல் பாஸ்கோ திருந்தினான் என்றோ, மன்னிப்புக் கேட்டான் என்றோ எழுத எனக்கும் ஆசைதான். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. தன்னைப் பார்த்து ஒருவன், அதுவும் மெர்வ் கிட்டோ, பொறாமைப்படுகிறான் என்ற சேதி நெஞ்சுக்குள் இறங்கி, காய்ந்த வயலில் மழை இறங்கியது மாதிரி பரவியது. அவன் எண்ணெய்க் குளியலில் படுத்தபடியே புன்னகைத்தான். "அப்படியா?" என்றான். "நெஜமாவா?" என்றான் மறுபடி. மேலே இடுக்கி தானாகச் சுற்றத் தொடங்கியது. போல்ட் சுற்றிச் சுற்றி வெளியே வந்து அவன் மார்பின்மேல் விழுந்தது, வெதுவெதுப்பாக.

அதே நிமிடம் டல்சியின் அலமாரியில் ஜாம் மூடிகள் ஒவ்வொன்றாகக் கழன்று தரையில் உருண்டன. தேவாலயத்து கேட் கீலோடு விழுந்தது. மதுக்கடைப் பெயர்ப்பலகை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. தெருவில் நின்ற கார்களின் சக்கர நட்டுகளை எல்லாரும் அன்று மாலை சரிபார்த்து இறுக்கிக்கொள்ள வேண்டியதாயிற்று. மாடு ஏற்றும் லாரிக்காரன் ஒருவனின் டிரெய்லர் மட்டும் தனியே ஊருக்கு வெளியே போய்விட்டது. மறுநாள் தானியக் கிடங்கடியில் கண்டுபிடித்தார்கள்.

சனிக்கிழமை ராயலீன் தாத்தாவின் காரில் போனாள். புதுக் கிளட்ச் வெண்ணெயாக இறங்கியது, ரிப்பன் பறந்தது. பின்னிருக்கையில் அம்மாவும், அம்மாவுக்குப் பக்கத்தில் மெர்வும் இருந்தார்கள். மெர்வ் முழுக்கை வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். வெள்ளி முழுவதும் டல்சி உட்கார்ந்து தைத்தது அது. சட்டையின் இடது கைத்துணி உரசிக் கிழியாதபடி பழைய மூட்டுக்கு ஒன்று, புதிய மூட்டுக்கு ஒன்று என இரண்டு தோல் ஒட்டுகள் வைத்திருந்தாள். ஓட்டிக்கொண்டிருந்த நோயல் அதைக் கண்ணாடியில் பார்த்தான். தேவாலயம் போய்ச்சேருவதற்குள் ஜன்னல் கண்ணாடியை இறக்கும் கைப்பிடிகள் லேசாக இறுகிவிட்டன. நிஜ போல்ட் பலகையில் மெர்வ் பெயருக்குக் கீழே தொங்கியது. பீர் பெட்டியை நோயலே சுமந்துபோனான்.

விருந்தெல்லாம் முடிந்து ஒரு வாரம் கழித்து, டல்சி தையல் மெஷினை மூடப்போகும்போது நோயல் வாசற்படியில் நின்று, "எனக்கும் அதே மாதிரி ஒண்ணு தெச்சுக் குடு" என்றான்.

"உனக்கு ரெண்டாவது ஒட்டு எதுக்கு?"

"இருக்கட்டுமே. அழகா இருக்கு."

அவள் மெஷினை மூடாமல் மறுபடி உட்கார்ந்து தைத்துக் கொடுத்தாள். நோயல் அதைச் சங்கத்துக்கும் மதுக்கடைக்கும் போட்டுக்கொண்டு போனான். கையின் பாதியில் ஒரு ஒட்டு சும்மா இருந்தது. யாரும் ஏன் என்று கேட்கவில்லை. அடுத்த குளிர்காலம் முடிவதற்குள் அந்தச் சும்மா இருந்த ஒட்டு தேய்ந்து, ஓரத்தில் நூல் பிரிந்திருந்தது. மூட்டு இல்லாத இடத்தில் துணி தேயாது என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் அந்த வாரம் கம்பளி விலை ஏறியிருந்தது, ஊருக்குப் பேச அது போதுமாக இருந்தது.