நின்றே பரிமாறும் வீட்டுக்காரர்

வால்யெவோ நகரத்து இயன்முறை மருத்துவக் கல்லூரியில் நான் நடத்தும் பாடத்துக்குப் 'பண்பாட்டுப் புரிதல்' என்று பெயர். நோயாளியின் பழக்கவழக்கம் அறிந்து சிகிச்சை தருவது எப்படி என்பதுதான் சங்கதி. பாடப்புத்தகத்தில் ஜப்பானியர் உண்டு, அரேபியர் உண்டு, எங்கள் செர்பியரை மட்டும் காணோம். வால்யெவோவில் இடுப்பு முறிந்த ஜப்பானியர் ஒருவரையும் நான் இதுவரை பார்த்ததில்லை. அதனால் புத்தகத்தை ஓரங்கட்டிவிட்டு மாணவர்களை நோயாளிகளின் வீடுகளுக்கு அனுப்பிவிடுவேன்.

இசிதோராவுக்கு வாய்த்தவர் ரதிசாவ். ஓய்வுபெற்ற லாரி ஓட்டுநர், மனைவியை இழந்தவர், மகள் வெரிட்சாவோடு இருக்கிறார். இடுப்பு மூட்டு மாற்றி ஒரு மாதம் ஆகியிருந்தது. இசிதோரா வகுப்பில் முதல் மாணவி. அவளிடம் இருந்த ஒரே குறையும் அதுதான்.

ஒருநாள் அவள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தாள்.

"டீச்சர், அவர் என்னை வெளிய அனுப்பிட்டாரு."

"என்ன சொல்லித் தொலைச்ச?"

"புனித லூக்கா நாள்ல உக்காந்துக்கிட்டே விருந்தாளிங்களைக் கவனிங்கன்னேன்."

தலையில் கைவைத்துக்கொண்டேன். செர்பியரில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு புனிதர், அவருக்கு ஆண்டுக்கொரு திருநாள்; ரதிசாவ் வீட்டுக்கு லூக்கா. அன்றைக்கு யாரையும் அழைப்பதில்லை, வருகிறவர்கள் வருவார்கள். கடைசி விருந்தாளி கிளம்பும்வரை வீட்டுக்காரர் உட்காராமல் நின்று பரிமாறுவார்.

"உங்க வீட்டுல அப்பா நிக்க மாட்டாரா?"

"அவர் சோபாவுலதான் கெடப்பாரு."

அவள் தலைநகரத்து பெல்கிரேட்காரி. பெல்கிரேட்காரர்களைப் பற்றி நான் எதுவும் சொல்வதற்கில்லை.

நிற்பது கூடப் பரவாயில்லை. அன்று ஊன்றுகோலைத் தொடமாட்டேன் என்று ரதிசாவ் அடம்பிடித்தார். "அதைப் புடிச்சுக்கிட்டு எந்தக் கையால ராக்கியா சாராயம் ஊத்துறது?" என்று கேட்டாராம். நியாயமான கேள்விதான். ஆனால் தசைகள் இன்னும் தேறவில்லை. தட்டோடு கூட்டத்துக்குள் ஒருமுறை தடுமாறி விழுந்தால் மறுபடி அறுவை சிகிச்சை, அதன்பின் படுக்கையேதான். இந்தக் கவலையில் இசிதோரா சரியாகச் சாப்பிடக்கூட இல்லை.

"என்ன பண்றது டீச்சர்?"

"அழைப்புதான் வேண்டாமே. போய்ச் சாப்பிடுவோம் வா."

திருநாளன்று நாங்கள் போனபோது வீடு நிறைய ஆட்கள். ரதிசாவ் சலவைச் சட்டையில், கையில் தட்டோடு, ஊன்றுகோல் இல்லாமல் நின்றார். மேலுதட்டில் வேர்வை துளிர்த்திருந்தது.

"வாங்க டாக்டரம்மா. இன்னைக்கு வைத்தியப் பேச்செல்லாம் கெடையாது. கோதுமை எடுத்துக்குங்க, உக்காருங்க."

வருகிறவர்கள் முதலில் உண்ணும் இனிப்புக் கோதுமையை இசிதோரா ஒரு கரண்டி உண்டாள். உட்காரவில்லை.

"நீங்க உக்காந்தா நானும் உக்கார்றேன் மாமா."

"வீட்டுக்காரன் உக்காரக் கூடாது."

"அப்ப ரெண்டு பேரும் நிப்போம். எனக்கு இடுப்பு நல்லாத்தான் இருக்கு."

நான் இப்படி எதையும் சொல்லிக்கொடுக்கவில்லை. அதற்குள் உட்கார்ந்து முட்டைக்கோஸ் உருண்டையை வாயில் போட்டிருந்த நான் வெட்கப்பட்டு எழுந்தேன். பக்கத்து வீட்டு மிலோயே என்னைப் பார்த்தார். புனிதருக்கு வாழ்த்துச் சொல்லப்போகிறார்கள் என்று நினைத்து, கிளாஸை எடுத்துக்கொண்டு அவரும் எழுந்தார். அவரைப் பார்த்து அவர் மனைவி எழுந்தாள். ஒரு நிமிடத்தில் வீடே கிளாஸும் கையுமாக எழுந்து நின்றது. வாழ்த்துச் சொல்லத்தான் ஆளில்லை. வாழ்த்துக்கு எழுந்தவர்கள் வாழ்த்தாமல் உட்காருவதும் மரியாதையில்லை.

"உக்காருங்கய்யா, சாப்பாடு ஆறுது" என்றார் ரதிசாவ்.

"அவர் உக்காந்தா நாம உக்காரலாம்" என்றாள் இசிதோரா.

விஷயம் புரிந்துகொண்ட மிலோயேவுக்கு ஒரே குஷி. "அப்படியா சேதி? எனக்கொண்ணும் அவசரமில்லப்பா" என்று தொந்தியை மேசையோரத்தில் சாய்த்துக்கொண்டார்.

ரதிசாவ் எங்கள் பக்கம் குனிந்தார். குரல் இறங்கியிருந்தது.

"உனக்குப் புரியாது பொண்ணு. எங்கப்பா உக்காந்த வருஷம் நான் எந்திரிச்சேன். நான் உக்காந்தா எந்திரிக்க யாரு இருக்கா? பையன் வியன்னாவுல பஸ் ஓட்டிட்டு இருக்கான். நான் உக்காந்த அன்னைக்கு இந்த வீட்டுத் திருநாள் முடிஞ்சுது."

பதினோரு ஆண்டுகளாக இந்தப் பாடத்தை நடத்துகிறேன், இதை ஒருமுறையும் சொல்லிக்கொடுத்ததில்லை.

அப்போது சமையலறையிலிருந்து வெரிட்சா சூப்புப் பாத்திரத்தோடு வந்தாள்.

"ஏன் எல்லாரும் நட்டமா நிக்கிறீங்க?"

"உங்கப்பா உக்காந்தா, அவருக்குப் பதிலா நிக்க இந்த வீட்டுல ஆளில்லையாம்" என்றார் காது கூர்மையான மிலோயே.

வெரிட்சா பாத்திரத்தை மேசைமேல் வைத்தாள். கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டாள்.

"காலையிலேருந்து நான் என்ன படுத்துக்கிட்டா இருக்கேன்?"

அப்பாவின் பக்கம் திரும்பினாள்.

"எனக்கு வெவரம் தெரிஞ்ச நாள்லேருந்து, இந்தத் திருநாள்ல நான் உக்காந்து நீங்க ஒரு தடவ பாத்திருக்கீங்களாப்பா? அம்மா உக்காந்து பாத்திருக்கீங்களா?"

ரதிசாவ் உண்மையாகவே யோசித்தார். ஒவ்வொரு வருடமாகத் தேடிப்பார்ப்பது முகத்தில் தெரிந்தது. எங்கேயும் கிடைக்கவில்லை போலிருக்கிறது. தட்டை மெல்ல அவளிடம் நீட்டினார். இசிதோரா அவசரமாகத் தள்ளிவைத்த உயரமான நாற்காலியில் உட்கார்ந்தார்.

"இல்லம்மா" என்றார். "பாத்ததில்ல."

பிறகு கூட்டத்தைப் பார்த்துத் தொண்டையைச் செருமினார்.

"எல்லாரும் கிளாஸ நீட்டுங்க. வீட்டுக்காரி ஊத்துறா."

வெரிட்சா முதல் கிளாஸை அவருக்குத்தான் ஊற்றினாள், விளிம்புவரை. மாத்திரை சாப்பிடுகிறவர் குடிக்கக் கூடாது என்று சொல்ல இசிதோரா வாயைத் திறந்தாள். நான் அவள் காலை ஓங்கி மிதித்தேன்.