கொம்புப் பிடி

பைக்கிலிருந்து விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்ட நாளிலிருந்து இருதயராஜ் ஷேவ் செய்வதை விட்டுவிட்டான். மாவுக்கட்டைப் பிரித்தாயிற்று. விரல்கள்தான் முழுசாக மடங்கவில்லை. ஆஸ்பத்திரியில் கொடுத்த ரப்பர் பந்தை நாலு தடவை அமுக்குவான், பிறகு ஜன்னலோரம் உருட்டிவிடுவான். சலூனுக்குப் போகச் சொன்னாலும் கேட்கவில்லை. தாடி மண்டிய முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் மனைவி மெர்சிக்கு யாரோ ஒருவரோடு குடித்தனம் நடத்துவது போலிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பாத்ரூமைக் கழுவும்போது அவனுடைய ஷேவிங் பிரஷ் கண்ணில் பட்டது. எருமைக் கொம்பில் கடைந்த பிடி. முன்பு நாவல்பழம் மாதிரி கறுத்து மின்னியது, இப்போது பழைய தண்ணீர் தேங்கிய டம்ளரில் நின்று நின்று சாம்பல் பூத்திருந்தது. மேலெல்லாம் சோப்புக் காறை.

மெர்சி ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் ஃபினிஷிங் பிரிவில் இருந்தாள். பளபளப்பு ஏற்றுவதுதான் அவள் பிழைப்பு. கம்பெனியின் பாலிஷ் சக்கரத்தில் பிடித்தால் ஒரு நிமிஷ வேலை, ஆனால் சூட்டில் கொம்பு தீய்ந்துவிடும், மயிர்க்கட்டை ஒட்டிய பசையும் இளகிவிடும். அதனால் மயிரைப் பாலித்தீன் கவரால் கட்டிவிட்டு, பிடியை வினிகர் தொட்ட துணியால் துடைத்தாள். காறை போனதும் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தாள். முதலில் சொரசொரப்பான தாள், பிறகு நைசானது. கடைசியில் பற்பசை தொட்டுத் துணியால் தேய்த்து, தேங்காய் எண்ணெய் தடவி, ஊறவிட்டுத் துடைத்தாள். ஜன்னல் கம்பிகள் பிடியில் தெரிந்தன. இதைக் கண்டாலாவது மனசு மாறுவான் என்று நினைத்தாள்.

மறுநாள் காலையில் நீட்டியபோது அவன் மறுக்கவில்லை. நனைத்தான், சோப்பில் சுழற்றினான். கன்னத்துக்குக் கொண்டுபோகும் முன்பே பிரஷ் நழுவித் தொட்டியில் விழுந்தது. மறுபடி எடுத்தான். இந்தத் தடவை சிமெண்ட் தரையில் விழுந்து பிடியின் அடிவிளிம்பு சற்றே பெயர்ந்தது. அவன் முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே போய்விட்டான்.

மெர்சி பின்னாலேயே போய், கோபமா என்று கேட்டாள்.

"கோவமெல்லாம் இல்ல மெர்சி. மீனு மாதிரி வழுக்குது. முன்னாடியே புடிக்க முடியல, அதான் விட்டுட்டேன். உங்கிட்ட சொல்றதுக்கு ஒரு மாதிரியா இருந்துது."

இத்தனை நாளும் அவன் மனசு ஒடிந்து கிடக்கிறான் என்றே அவள் நினைத்திருந்தாள். கை எப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஷூவைப் பளபளப்பாக்கினால் கண்ணாடி அலமாரியில் நிற்கும், இது ஈரக்கையில் நிற்க வேண்டிய சாமான் என்று தோன்றாமல் போயிற்று. பிடியில் விரல் படும் இடுப்புப் பகுதியை மட்டும் சொரசொரப்பாக்கித் தரட்டுமா என்றாள்.

அவன் யோசித்தான். "தாளை இப்டி குடு. நானே பாத்துக்கறேன்."

அவள் வேலைக்குப் போன பிறகு தினமும் கொஞ்சம் தேய்த்தான். இடது கையில் தாள், வலது கையில் பிரஷ். பிடியைத் திருப்பித் திருப்பிப் பிடிக்க வலது விரல்கள் படாதபாடு பட்டன. பெயர்ந்த விளிம்பையும் உருட்டி மழுக்கினான். சாயங்காலம் அவள் வரும்போது லுங்கியெல்லாம் கொம்புத் தூளாக இருக்கும். அவள் தூளைத் தட்டிவிட்டு டீ போடுவாள். பிடியின் நடுவில் ஒரு பட்டை மங்கலாயிற்று, மேலும் கீழும் அவள் ஏற்றிய மினுமினுப்பு அப்படியே நின்றது.

ஈஸ்டர் அன்று காலையில் பாத்ரூம் கதவு வெகுநேரம் சாத்தியிருந்தது. குழாய்ச் சத்தம் மட்டும் கேட்டது. கோயிலுக்கு நேரமாகிறது என்று குரல் கொடுக்க நினைத்து, மெர்சி அடக்கிக்கொண்டாள். அவன் வெளியே வந்தபோது தாடையில் இரண்டு வெட்டு, ஒன்றில் ரத்தம் நிற்க ஒட்டிய செய்தித்தாள் துணுக்கு. மீதி முகம் வழவழவென்று, அவளுக்குத் தெரிந்த முகமாக இருந்தது.

வந்தவன் பிரஷை உதறி, பிடியைத் துண்டால் ஈரம் போகத் துடைத்து, மயிர் கீழே பார்க்க இரண்டு ஆணிக்கு நடுவில் மாட்டினான். பிறகு வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு அவள் முன்னால் வந்து நின்று, இடது கையை நீட்டினான்.

"இந்த மணிக்கட்டு பட்டன் மட்டும் ஆவல. நீ போட்டு வுடு."