குற்ற நகரத்தில் ஒரு பேருந்து ஓட்டுநர்

முப்பத்தெட்டு ஆண்டுகள் யஹாத்தா ஊரின் மலைச் சாலைகளில் பேருந்து ஓட்டி, ஒரு பூனையின் வாலைக்கூட மிதிக்காமல் ஓய்வு பெற்ற கென்ஸோ, சென்ற ஒன்பது நாள்களில் இருநூற்றுக்கும் மேற்பட்டோரை வண்டி ஏற்றிக் கொன்றிருந்தார். கொலைகள் யாவும் அவர் வீட்டுக் கூடத்தில், தொலைக்காட்சித் திரைக்குள் நிகழ்ந்தவை. எனினும் அவற்றை விளையாட்டாக எடுத்துக்கொள்ள அவரால் இயலவில்லை.

அந்த விளையாட்டுக் கருவியைப் புத்தாண்டு விடுமுறைக்கு வந்த மகன் ஷின்யா விட்டுச் சென்றிருந்தான். "பசங்க இருக்கிற வீட்டுல இந்தக் கருமம் வேணாம்னு அவ ஒரே சண்டைப்பா" என்று தன் மனைவியைக் குறிப்பிட்டுச் சொன்னவன், தொலைக்காட்சியோடு அதை இணைத்து, கையில் பிடிக்கும் விசைப்பெட்டியின் பொத்தான்களையும் தந்தைக்குக் காட்டிக்கொடுத்தான். விளையாட்டு ஓர் அமெரிக்கக் கடற்கரை நகரத்தில் நடந்தது. அதன் நாயகன் ஒரு திருடன். அவனைக் கொண்டு எந்தத் தெருவிலும் திரியலாம், எந்த வண்டியையும் பறிக்கலாம், வங்கியைக் கொள்ளையடிக்கலாம், போலீசார் துரத்தினால் தப்பியோடலாம்.

"வண்டி ஓட்டுறது அப்படியே நிஜம் மாதிரி இருக்கும். பரீட்சைக்கு முன்னாடி கொஞ்சம் ஓட்டிப் பாருங்க. மூளைக்கும் நல்லது" என்றான் ஷின்யா.

மகன் போகிற போக்கில் உதிர்த்த அச்சொற்களே வினையாயின. கென்ஸோவுக்கு அவ்வாண்டு எழுபத்தைந்து வயது நிறைந்தது. அவ்வயதினர் ஓட்டுநர் உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டுமாயின் நினைவாற்றல் சோதனை ஒன்றில் தேற வேண்டும். பதினாறு படங்களைக் காட்டுவார்கள். சற்று நேரம் கழித்து அவற்றை நினைவிலிருந்து எழுத வேண்டும். சோதனை வருகிற வியாழக்கிழமை. அதற்கு முன் தமது மூளையைத் தாமே ஒருமுறை சோதித்துக்கொள்வது நல்லது என்று கருதிய கென்ஸோ, விபத்தே செய்யாதவர்க்கு வழங்கப்படும் பொன்னிறக் கோட்டு உரிமத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, அந்தக் குற்ற நகரத்தினுள் நுழைந்தார்.

அவர் அங்கே செய்த திருட்டு ஒன்றே ஒன்றுதான். திருடாமல் வண்டி கிடைக்காது என்பதால், ஒரு பழைய நீல நிறக் காரை அதன் உரிமையாளரிடமிருந்து பறித்தார். பறித்தபோது திரையை நோக்கித் தலை தாழ்த்தி மன்னிப்பும் கேட்டார். பின்னர், பேருந்துப் பணிமனையில் பழகிய முறைப்படியே கையை நீட்டிச் சுட்டி, "வலது சரி! இடது சரி! முன்னால் சரி!" என்று உரக்கக் கூறிவிட்டுப் புறப்பட்டார். சிவப்பு விளக்கில் நின்றார். திருப்பங்களில் விளக்குப் போட முயன்று, அதற்கான பொத்தான் இல்லாததைக் கண்டு வருந்தினார்.

ஆயினும் அரை நிமிடம் கடப்பதற்குள் ஒரு லாரி நேருக்கு நேர் வந்து மோதியது. மையக் கோட்டைத் தாண்டிவிட்டோம் போலும் என்று எண்ணி அவர் இன்னும் இடப்புறம் ஒதுங்கினார். அங்கே ஒரு டாக்சி எதிரே வந்தது. மேலும் ஒதுங்கினார். நடைபாதை குறுக்கிட்டது, தின்பண்ட வண்டியொன்று பறந்தது, மக்கள் பறந்தனர். விபத்து நேர்ந்த இடத்தை விட்டு ஓடுதல் கூடாது என்பது அவர் கற்ற பாடம். ஆதலால் வண்டியை ஓரமாக நிறுத்தி இறங்கி, வாக்குமூலம் அளிப்பதற்காகக் காவலர்களை எதிர்நோக்கி நின்றார். வந்த காவலர்கள் அவரைச் சுட்டுக் கொன்றனர்.

ஒன்பது நாள்களும் இதுவே நடந்தது. நிதானமாக ஓட்டினும் மோதினார். கவனமாக ஓட்டினும் மோதினார். தாம் நேராகச் செல்வதாகவே அவருக்குத் தோன்றியது. ஊர் முழுவதும் தம்மீது பாய்வதாகத் திரை காட்டியது. கண்ணுக்குத் தோன்றுவது ஒன்றும் நடப்பது ஒன்றுமாக இருப்பதுதானே மூளை தளர்வதன் அடையாளம்? வாரந்தோறும் செய்திகளில் காட்டுகிறார்களே, பிரேக் என்று எண்ணி ஆக்ஸிலேட்டரை மிதித்துக் கடைக் கண்ணாடிக்குள் காரோடு நுழைந்துவிட்டுத் திருதிருவென விழித்து நிற்கும் முதியவர்களை! அவர்களும் நேராகச் செல்வதாகத்தானே நினைத்திருப்பார்கள்?

ஆறாம் நாள் அவர் காவல் நிலையத்திற்கு நடந்தே சென்று, உரிமத்தைத் தாமாகவே திருப்பி ஒப்படைப்பதற்கான படிவத்தை வாங்கி வந்தார். வீட்டில் எவரும் இல்லாத வேளையில் அதைத் திருத்தமான கையெழுத்தில் நிரப்பினார். மனைவி ஹருயோவிடம் சொல்லவில்லை. சொல்வதற்கு வாய் எழவில்லை என்பதே உண்மை. அவர்கள் வீடு மலைச் சரிவில் இருந்தது. ஹருயோவின் இரு முழங்கால்களும் பழுதானவை. வாரம் இருமுறை அவளை நீச்சல் குளத்திற்குக் காரில் அழைத்துச் செல்வார். நீருக்குள் நடக்கும் பயிற்சி முடிந்து அவள் வெளியே வரும்போது பத்து வயது குறைந்தவளாக இருப்பாள். அவர் இருபது ஆண்டுகள் ஓட்டிய பேருந்துத் தடத்தையோ, பயணிகள் இல்லையென்று நிறுத்திவிட்டார்கள். உரிமம் போனால் ஹருயோவின் குளமும் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். வெளியே குளிர்ந்த தூறல். அடியில் சூடேற்றும் கருவி பொருத்திப் போர்வை விரித்த குட்டை மேசைக்குள் காலை நீட்டி அமர்ந்து, கமலா ஆரஞ்சு ஒன்றை உரித்துக்கொண்டே ஹருயோ கேட்டாள்:

"ஏங்க, நாளைக்காவது குளத்துக்குப் போவோமா? இல்ல, நாளைக்கும் காருக்கு உடம்பு சரியில்லையா?"

"பேட்டரி கொஞ்சம்..."

"போன செவ்வாய்க்கிழமை பேட்டரி. வெள்ளிக்கிழமை டயரு. காருக்கு என்னைவிட நோய் ஜாஸ்தியா இருக்கே."

திரையில் அவருடைய நீலக் கார் ஒரு பால் வண்டியின் மீது மோதித் தலைகீழாகக் கிடந்தது.

"செத்துட்டீங்களா?"

"செத்துட்டேன்."

"இன்னிக்கு எத்தனாவது?"

"பதினொண்ணு."

"திருடன் வேஷம் கட்டிக்கிட்டு நீங்க ஒருத்தர்தான் சிக்னல்ல நிக்கிறீங்க. பின்ன சாகாம என்ன பண்ணுவீங்க? குடுங்க இப்படி." பழச்சாறு படிந்த விரல்களைப் போர்வையில் துடைத்துக்கொண்டு ஹருயோ கையை நீட்டினாள்.

"உனக்கு சைக்கிளே ஓட்டத் தெரியாது."

"தெரிஞ்ச நீங்க என்ன கிழிச்சீங்க? குடுங்கன்னா!"

எழுபத்திரண்டு வயதாகியும் ஹருயோ ஒருநாளும் ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்தவள் அல்லள். விசைப்பெட்டியைத் தலைகீழாகப் பிடித்துப் பின்னர் நேராக்கி, எந்தப் பொத்தான் எதற்கு என்று கேட்டறிந்த பின், அவள் செய்த முதற் காரியம் ஒரு பூக்கடை வேனை வழிமறித்து, ஓட்டுநரை வெளியே இழுத்துப் போட்டதாகும்.

"ஏய்! அவன் பாட்டுக்கு வேலைக்குப் போறான்!"

"நானும் வேலையாத்தான் போறேன்."

வேன் புறப்பட்டது. வலதும் பார்க்கவில்லை, இடதும் பார்க்கவில்லை, சிவப்பு விளக்கு என்று ஒன்று இருப்பதையே அவள் மதிக்கவில்லை. கென்ஸோ கண்களை இறுக மூடிக்கொண்டார். இடிபடும் ஓசைக்காகக் காத்திருந்தார். ஓசை எழவில்லை. ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தார். வேன் ஒரு மஞ்சள் டாக்சியின் பின்னால், ஊரோடு ஊராக, சொகுசாகப் போய்க்கொண்டிருந்தது. பாலத்தைக் கடந்தது. கடற்கரைச் சாலையில் திரும்பியது. ஐந்து நிமிடங்கள் கழிந்தன. ஒரு கீறல்கூட இல்லை.

அவருடைய நெஞ்சில் ஏதோ ஒன்று உடைந்தது. கருவியில் கோளாறு இருக்கலாம் என்று அவர் இரகசியமாக வைத்திருந்த கடைசி நம்பிக்கை அது. பிறந்தது முதல் வண்டியே ஓட்டாதவள் ஓட்டுகிறாள். முப்பத்தெட்டு ஆண்டு ஓட்டியவர் மோதுகிறார். இதற்கு மேல் என்ன சான்று வேண்டும்? நாளைக் காலையிலேயே படிவத்தைக் கொடுத்துவிட வேண்டியதுதான்.

"எப்படி ஓட்டுற?" என்றார் அடங்கிய குரலில்.

"இதுல என்ன இருக்கு? முன்னாடி போறவன் பின்னாடியே போறேன். துணி வாங்குற கூட்டத்துல போற மாதிரி."

செய்வதற்கு ஒன்றும் இல்லாமையால், கென்ஸோ அப்போதுதான் ஒரு பயணியைப்போலச் சாலையை வேடிக்கை பார்த்தார். மையத்தில் மஞ்சள் கோடு ஓடிற்று. அந்தக் கோடு ஹருயோவின் வேனுக்கு இடப்பக்கம் இருந்தது.

அவர் நிமிர்ந்து அமர்ந்தார்.

"ஹருயோ. நீ எந்தப் பக்கம் போற?"

"ரோட்டுலதான்."

"வலப்பக்கமா போற."

"அப்படியா? முன்னாடி போறவனும் அப்படித்தான் போறான்."

"அதுக்கு முன்னாடி போறவன்?"

"அவனும்தான். எல்லாப் பயலும் அங்கதான் போறான். ஏன், தப்பா?"

கென்ஸோ திரைக்கு அருகே தவழ்ந்து சென்றார். எதிரே வரும் வண்டிகள் அனைத்தும் வேனுக்கு இடப்பக்கமாக வந்தன. லாரிகள், டாக்சிகள், பால் வண்டிகள், அன்று மட்டும் அவரைப் பதினொரு முறை கொன்றவை யாவும், தத்தமக்குரிய வழியில் ஒழுங்காக வந்துகொண்டிருந்தன. அயல்நாடுகள் பலவற்றில் வலப்பக்கமாக ஓட்டுவார்கள் என்பதை அவர் அறியாதவர் அல்லர். பணியில் சேர்ந்த ஆண்டிலேயே வகுப்பில் படித்ததுண்டு. ஆனால் அது தலைக்குத் தெரிந்த செய்தி. கைகளுக்கு எவரும் சொல்லவில்லை. முப்பத்தெட்டு ஆண்டுகளாக இடப்பக்கமே கண்ட கைகள், ஒன்பது நாள்களாக ஓர் அயலூரின் போக்குவரத்து முழுவதையும் எதிர்த்து ஓட்டியிருந்தன. அது மட்டுமன்று: எதிர்த்து ஓட்டியும் ஒவ்வொரு முறையும் அரை நிமிடம் உயிர் தரித்திருந்தன!

உடனே அவர் மகனைத் தொலைபேசியில் அழைத்தார்.

"ஷின்யா, அந்த ஊர்ல வண்டியெல்லாம் வலப்பக்கம் போகுமா?"

"அமெரிக்காவாச்சேப்பா. வலப்பக்கம்தான். ஏன்?" கேட்ட பின்தான் அவனுக்கு உறைத்தது. "அப்பா... நீங்க இத்தனை நாளா இடப்பக்கமா ஓட்டினீங்களா?"

"சரி, வச்சிடறேன்."

"அப்பா, இருங்க, இருங்க! ஒன்பது நாளாவா?" என்று ஷின்யா சிரித்த சிரிப்பு கூடம் முழுவதும் கேட்டது. கென்ஸோ இணைப்பைத் துண்டித்தார். பின்னர் அவரும் சிரிக்கத் தொடங்கினார். முதலில் தோள்கள் மட்டும் குலுங்கின, பிறகு மூக்கு ஒழுகியது, பிறகு கண்களும். ஹருயோ விளையாட்டை அப்படியே நிறுத்தினாள்.

"என்னங்க ஆச்சு? அழுறீங்களா, சிரிக்கிறீங்களா? எதாவது ஒண்ணைச் செய்யுங்க."

அவர் எழுந்து சென்று அலமாரியிலிருந்து படிவத்தைக் கொணர்ந்து அவள் முன் வைத்தார். ஹருயோ மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்து, எழுத்துக் கூட்டிப் படிப்பவளைப்போல நிதானமாகப் படித்தாள். தேதியைப் படித்தாள். கையொப்பத்தைப் படித்தாள்.

"இதுவா?" என்றாள்.

"இதுதான். மூளை போயிடுச்சுன்னு நினைச்சேன்."

"இதுக்காகத்தான் ஒன்பது நாளா பேயறைஞ்ச மாதிரி திரிஞ்சீங்களா?"

"நிஜ ரோட்டுல யாரையாவது அடிச்சுட்டா? பள்ளிக்கூடப் பிள்ளைங்க போற வழி அது."

ஹருயோ கண்ணாடியைக் கழற்றினாள். அவளுடைய குரல் தணிந்து வந்தது. "நான் என்ன நினைச்சேன் தெரியுமா? ஆஸ்பத்திரில உங்களுக்கு ஏதோ கெட்டதா சொல்லிட்டாங்க, மறைக்கிறீங்கன்னு நினைச்சேன். போன வாரமே என் தங்கச்சிகிட்ட சொல்லி அழுதுட்டேன். எந்தப் படத்தை மாட்டுறதுன்னுகூட..."

"எந்தப் படம்?"

"சொல்ல மாட்டேன். அதுல நீங்க நல்லா இருக்கீங்க." அவள் படிவத்தால் அவர் தலையில் ஒரு தட்டுத் தட்டினாள். "ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? மாட்டுப் புத்தி! அமெரிக்காக்காரன் ரோட்டுல மோதினதுக்கு யஹாத்தா போலீசுகிட்ட மன்னிப்பு கேக்கப் போனாராம்!"

"வியாழக்கிழமை சோதனைக்குப் போறேன். அதுல தோத்தா, அன்னிக்கே உரிமத்தைக் கொடுத்துடுவேன். அது நியாயம்."

"தோத்தா கொடுங்க, நானே கூட வரேன். தோக்கிறதுக்கு முன்னாடி கொடுத்தீங்க, சோறு கிடையாது."

அவள் படிவத்தை இரண்டாகவும் நான்காகவும் கிழித்து, பழத் தோலோடு சேர்த்துக் குப்பையில் இட்டாள். கென்ஸோ நீண்ட மூச்சு ஒன்றை விட்டார். ஒன்பது நாள்களாக இடுப்பில் எவரோ கட்டியிருந்த கயிறு அவிழ்ந்தாற்போல இருந்தது. உடனே அவருக்குக் கடும் பசி எடுத்தது. மீதமிருந்த ஆரஞ்சுப் பழங்களை ஒவ்வொன்றாக உரித்து, ஆறு பழங்களைத் தின்று தீர்த்தார்.

பின்னர் விசைப்பெட்டியைக் கையில் வாங்கினார். கையை நீட்டிச் சுட்டினார். "இடது சரி! வலது சரி! முன்னால் சரி!" கைகள் பழைய பக்கத்திற்கே இழுத்தன, அவற்றை அதட்டி வலப்பக்கம் நிறுத்தினார். பூக்கடை வேன் மெல்ல நகர்ந்தது. ஒரு தெரு, இரண்டு தெரு, பாலம். லாரி ஒன்று எதிரே வந்து, தன் பக்கமாகவே கடந்து சென்றது. கென்ஸோ அதற்குத் தலையசைத்து வணக்கம் தெரிவித்தார்.

"இவ்வளவு மெதுவாப் போனா பொழுது விடிஞ்சிடும்" என்றாள் ஹருயோ. "அதோ, அந்த நகைக்கடை. நிறுத்துங்க. ஷின்யா சொன்னான், கண்ணாடியை உடைச்சா அள்ளிக்கலாமாம்."

"அங்க நிறுத்தக் கூடாது. சிவப்புக் கோடு போட்டிருக்கு."

"நாம திருடனுங்க!"

"திருடனா இருந்தாலும் பஸ் வர வழிய மறிக்கக் கூடாது."

"அப்ப எங்கயாவது ஒழுங்கா நிறுத்துங்க. நான் போய்க் கொள்ளையடிச்சுட்டு வரேன்."

கென்ஸோ அதனை நியாயமான கோரிக்கையாகவே ஏற்றார். வண்டி நிறுத்துமிடத்தைத் தேடி, அந்தக் குற்ற நகரத்தின் தெருக்களில், வலப்பக்கமாக, மணிக்கு முப்பது கிலோமீட்டர் வேகத்தில், மூன்றாம் முறையாகச் சுற்றி வந்தார்.