வாசலில் தொங்கும் முகம்

கொளஞ்சியம்மாளைச் சினிமாவில் பார்த்து அலறாத ஆள் ஒரு காலத்தில் விருத்தாசலத்தில் கிடையாது. வெள்ளைப் புடவை, விரிச்சுப் போட்ட முடி, கண்ணுக்குள் அரிக்கிற வெள்ளை லென்ஸ். பத்துப் பன்னெண்டு படத்தில் பேயாக வந்தாள். பேச ஒரு வசனம் கொடுத்ததில்லை. அலறல்கூட வேறு யாரோ கொடுத்த குரல். "பேயைக் கூப்பிடுங்கப்பா, டீ குடிச்சிட்டு வரட்டும்" என்பார்கள் ஷூட்டிங்கில். அவளும் சிரிச்சுக்கிட்டே போய்க் குடிப்பாள். ஒரே ஒரு படத்துக்கு அம்மா வேஷம் என்று கூப்பிட்டார்கள். ஆசையாகப் போனாள். முதல் பாட்டு வருவதற்குள் சாகடித்துவிட்டு, மிச்சப் படம் பூரா பேயாக அலையவிட்டார்கள்.

கம்ப்யூட்டரிலேயே பேயைச் செய்யக் கத்துக்கிட்ட பிறகு அவளை யாரும் தேடவில்லை. ஊருக்கே திரும்பி வந்து பீங்கான் பொம்மைப் பட்டறையில் சேர்ந்தாள். அச்சைப் பிரிச்சு எடுத்த, இன்னும் சுடாத பச்சைப் பொம்மையில், அச்சின் ரெண்டு பாதியும் சேர்ந்த இடத்தில் ஒரு ஒட்டுக்கோடு ஓடும். அதைக் கத்தியால் சீவி, ஈரப் பஞ்சால் துடைத்துவிடுகிற வேலை. காலையில் குந்தினால் சாயந்திரம் எழுந்திருக்கும்போது இடுப்பு நம்முடையதாக இருக்காது.

ஆனால் அவளுக்கு வலி இடுப்பில் இல்லை, திட்டக்குடியில் இருந்தது. அங்கேதான் மகள் துர்கா வாக்கப்பட்டிருந்தாள்.

கட்டினவன் விட்டுட்டு ஓடினதும், கைக்குழந்தை துர்காவைத் திட்டக்குடிப் பக்கத்து மங்களூரில் அக்கா அமிர்தத்திடம் விட்டுவிட்டுத்தான் கொளஞ்சி மெட்ராஸ் ரயில் ஏறினாள். குழந்தைக்கு நாலு வயசானபோது ஊருக்கு வந்தவள் ஒரு காரியம் பண்ணினாள். புதுக் கவுன் போட்டு, மகளை விருத்தாசலம் தியேட்டருக்குத் தூக்கிக்கிட்டுப் போனாள். அம்மா எவ்வளவு பெருசாத் தெரியறா பாருன்னு காட்ட ஆசை. வேறு எதைக் காட்டுவாள், அவளிடம் இருந்தது அது ஒன்றுதான்.

திரையில் கிணற்றுக்குள்ளிருந்து முகம் எழும்பியது. குழந்தை திரையைப் பார்த்தது. திரும்பி, தன்னை மடியில் வைத்திருந்தவளைப் பார்த்தது. அதே முகம்.

அன்றைக்கு வந்த காய்ச்சல் இறங்கிவிட்டது. பயம் இறங்கவே இல்லை. அதற்கப்புறம் அமிர்தத்தைத்தான் அம்மா என்றது. இப்போ துர்காவுக்கே நடக்கிற வயசில் ஒரு பெண் குழந்தை. கொளஞ்சி அந்தப் பேத்தியை இன்னும் கண்ணால் பார்த்ததில்லை.

மழை விட்ட ஒரு நாள், முதலாளி அப்துல் லத்தீப் பட்டறைக்குள் வந்து நின்றார். "ஊரெல்லாம் புது வூடு கட்றாங்க. திருஷ்டி பொம்மை கேட்டுக் கடைக்காரங்க உசுர வாங்குறாங்க. நம்ம பொம்மை பூனையாட்டம் இருக்குது. கொளஞ்சிம்மா, உங்க மூஞ்சிய ஒரு அச்சு எடுத்துக்கலாமா?"

"என்ன பாய், மூஞ்சிக்குக் கூலி உண்டா?"

"பிரியாணி உண்டு."

அச்சு போடுகிற தனக்கோடி அவளைப் படுக்க வைத்து, முகத்தில் எண்ணெய் தடவி, மூக்கில் ரெண்டு ஸ்ட்ராவைச் செருகினான். "கண்ணை மூடிக்கங்கக்கா, முழியை அப்புறம் நான் தோண்டிக்கிறேன். பல்லைக் கடிச்சி, உதட்டை இழுத்து வையுங்க. மாவு இறுகற வரைக்கும் அசையாதீங்க."

மெட்ராஸில் பழகினதுதான். அசையாமல் கிடந்தாள். பிளாஸ்டர் மாவு முகத்தில் சூடேறி இறுகுகிற நேரம் பார்த்து அமிர்தம் வந்து சேர்ந்தாள்.

"எங்கப்பா என் தங்கச்சி?"

"இதோ, மாவுக்கடியில."

"அடப் பாவிங்களா, உயிரோட பொதைச்சிட்டீங்களா!" அமிர்தம் பக்கத்தில் குந்தினாள். "ஏடி, காது கேக்குதா? தை மாசம் துர்கா புது வூட்டுக்குக் குடி போறா. உன்னை வரச் சொல்றா."

மாவுக்கடியில் உதடு இளகியது.

"அக்கா, அசையாதீங்க!" என்று தனக்கோடி கத்தினான்.

"ஆனா பந்தலோட சாப்பிட்டுட்டுப் போயிடணுமாம்" என்றாள் அமிர்தம், குரலை இறக்கி. "கொழந்த பயந்துக்குமாம்."

உதடு அப்படியே நின்றுவிட்டது. அதற்குள் மாவும் இறுகிவிட்டது.

கரைத்த களிமண்ணை அந்த அச்சில் ஊற்றி எடுத்துப் பார்த்தால், பேயாகவும் இல்லை, சிரிப்பாகவும் இல்லை. எதையோ சொல்ல வாயெடுத்த முகம். "கெட்டுப்போச்சு, வேற எடுக்கலாம் பாய்" என்றான் தனக்கோடி. "கோரைப்பல்லும் நாக்கும் வரைஞ்சி விடு. உதட்டை யாரு பாக்கப் போறா" என்றார் லத்தீப். சூளையில் வெந்ததும் மண் சுருங்கி, முகம் சின்னதாக, வழவழவென்று வந்தது. வயசு குறைந்த மாதிரி. நன்றாகத்தான் விற்றது.

தை மாசம் கொளஞ்சி திட்டக்குடி பஸ் ஏறினாள். வெள்ளையில் ஒரு நூல்கூட இல்லாத நீலப் புடவை. எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய தலை. முகத்தை மூணு தரம் கழுவியிருந்தாள்.

பந்தலுக்குள் நுழையும்போதே பார்த்துவிட்டாள். நிலைக்கு மேலே அவளுடைய முகம் தொங்கியது. மருமகன் பஸ் ஸ்டாண்டு கடையில் வாங்கியிருப்பான்.

துர்கா குழந்தையை இடுப்பில் வைத்து வாசலில் நின்றாள். குழந்தை பொம்மைக்குக் கையை நீட்டி, அதன் நாக்கைப் போலவே தன் நாக்கையும் நீட்டிக் கிளுகிளுவென்று சிரித்தது. கொளஞ்சி பந்தக்காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். குழந்தை திரும்பியது. அவளைப் பார்த்தது. பொம்மையைப் பார்த்தது. மறுபடி அவளைப் பார்த்தது.

மூச்சை அடக்கி நின்றாள் கொளஞ்சி. முகத்தில் ஒரு நரம்பு அசையவிடவில்லை. குழந்தையின் வாய் மெல்லத் திறந்தது. சிரிக்கவா, அழவா?

துர்காவின் கண்ணும் அதே வழியில் பொம்மைக்குப் போய், அம்மாவிடம் வந்து நின்றது. சட்டென்று குழந்தையின் கண்ணைக் கையால் பொத்தித் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

"சாப்பிட்டுட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

வாங்க, போங்க என்று விருந்தாளியைச் சொல்கிற மாதிரி.

கொளஞ்சி சாப்பிட்டாள். இலையை மடித்தாள். தெருவில் இறங்கித் திரும்பிப் பார்த்தபோது பொம்மை அங்கேயேதான் இருந்தது, வூட்டுக்கு முதுகைக் காட்டி, தெருவைப் பார்த்துக்கிட்டு.

மறுநாள் பட்டறையில் வரிசையாகப் பச்சை முகங்கள் காத்திருந்தன. தனக்கோடி அச்சைப் பிரிச்சுக்கொண்டே கேட்டான்.

"பேத்தியப் பாத்தீங்களாக்கா?"

"பாத்தேன்."

"பயந்துட்டுதா?"

"இல்ல. சிரிச்சிது."

"அடடே! உங்களப் பாத்தா?"

ஒரு முகத்தை மடியில் எடுத்து வைத்து, கன்னத்தில் ஓடிய ஒட்டுக்கோட்டைச் சீவினாள். பஞ்சை நனைத்து, உதட்டோரம் அழுத்தாமல் துடைத்தாள்.

"பொம்மையப் பாத்து" என்றாள்.