இரண்டடித் தண்ணீர்

அணைக்கட்டு வாசலில் புதிதாக ஒரு பலகை நட்டிருக்கிறார்கள். "அணையின் வரலாறும் பயன்களும்" என்று தலைப்பு. எழுத்துக் கூட்டிப் படித்து முடிப்பதற்குள் எனக்குக் கழுத்து வலித்துவிட்டது. கட்டி முடித்த வருஷம் தப்பு. ஷட்டர் ஆறு என்று போட்டிருக்கிறது. ஐந்துதான். முப்பத்தைந்து வருஷம் அவற்றைத் திறந்து மூடியவன் நான். பயன்களில் முதலாவதாகச் சுற்றுலா. அப்புறம் மீன், மின்சாரம், குடிநீர். பாசனம் கடைசியில், ஆணியடிக்க இடம் விட்டது போக மிச்சமிருந்த மூலையில்.

பலகையோடு மல்லுக்கட்ட நான் போகவில்லை. என் மகள் கடைமடையில் வாழ்க்கைப்பட்டவள். கால்வாய் போய் முடிகிற இடத்தில் அவளுக்கு நாலு ஏக்கர் நெல். கதிர் பால் பிடிக்கிற நேரம். இன்னும் ஒரே ஒரு நனைப்பு கிடைத்தால் மணி தேறும். இல்லாவிட்டால் அத்தனையும் பதர். நேற்று மதகை மூடிவிட்டார்கள். நீர்மட்டம் பத்தடிக்கு வந்துவிட்டதாம். பத்துக்குக் கீழே இருப்பது நகரத்துக் குடிநீருக்கு, பாசனத்துக்கு ஒரு சொட்டு கிடையாது என்பது விதி.

விதி சரிதான். பத்தடி என்பதுதான் பொய். உள்ளே இருப்பது பன்னிரண்டு. எனக்குத் தெரியும், ஏனென்றால் அந்தப் பொய்யைச் சுவரில் முடுக்கிய இரண்டு பேரில் நானும் ஒருவன்.

மதகு அறையில் இப்போதைய ஷட்டர்க்காரன் உட்கார்ந்திருந்தான். எங்கள் காலத்தில் இரண்டு ஆள் மூச்சு வாங்கச் சக்கரம் சுற்றினால் ஷட்டர் ஒரு சாண் ஏறும். இவனுக்குப் பச்சைப் பொத்தான், சிவப்புப் பொத்தான். அதனால் பொத்தான் என்றே பெயர் வைத்துவிட்டேன்.

"வாங்க பெரியவரே. வாசல்ல பலகையப் பாத்தீங்களா?"

"பாத்தேன். ஷட்டரத் தொற."

"எதுக்கு?"

"தண்ணி இருக்கு."

"பத்தடிதான் இருக்கு. நீங்களே எட்டிப் பாருங்க."

"பலகை பொய் சொல்லுது."

"வருஷம் தப்புன்னு எல்லாரும் சொல்லிட்டாங்க. மாத்திடுவாங்க."

"அந்தப் பலகை இல்லடா. தண்ணிக்குள்ள நிக்கிற அளவுப் பலகை."

அவன் சிரித்தான். "உங்களுக்கு எந்தப் பலகைதான் பிடிச்சிருக்கு? மேல போங்க, மேடம் ரெண்டு வாரமா உங்களத்தான் தேடுறாங்க."

ஆபீஸ் ஆளைத் தேடுகிறது என்றால் அது நல்லதுக்கு இருந்து நான் பார்த்ததில்லை.

மேலே இன்ஜினியரம்மா எழுந்து நின்று நாற்காலி போட்டாள். அதிலேயே எனக்குச் சந்தேகம். என் மகளைவிடப் பத்து வயது சின்னவள் இருப்பாள். போனை மேசையில் வைத்து ஒரு சிவப்புப் புள்ளியைத் தட்டினாள்.

"அறுபதாவது வருஷத்துக்கு ஒரு புத்தகம் போடுறோம்யா. பழைய ஆளுங்கள்ல நீங்க ஒருத்தர்தான் இருக்கீங்க. மொத மொதல்ல தண்ணி தொறந்தப்ப எப்படி இருந்துச்சு?"

"ஈரமா இருந்துச்சு. அம்மா, அளவுப் பலகை ரெண்டடி தப்பு."

"அதெல்லாம் பின்னாடி பேசலாங்கய்யா. தொறப்பு விழாவுக்கு யார் யார் வந்திருந்தாங்க?"

"யாரோ ஒரு பெரிய மனுசன் வந்தான், பேசினான், போனான். உள்ள பன்னெண்டு அடி இருக்கு."

"மட்டம் பாக்குற கருவியும் பத்துதான் காட்டுது."

"கருவிக்கு யார் சொல்லிக் குடுத்தது?"

"பலகையப் பாத்துத்தான் செட் பண்ணோம்," என்றாள், வெகு பொறுமையாக. ஊர்ப் பொறுமையெல்லாம் இவர்களிடம்தான் இருக்கிறது. தண்ணீர் மட்டும் இருப்பதில்லை.

எனக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறியது. போனைக் காட்டி, "அத அணைங்க, சொல்றேன்," என்றேன். அணைத்தாள். அணைந்ததா என்று நான் இரண்டு தடவை பார்த்துக்கொண்டேன்.

பிறகு சொன்னேன். முப்பது வருஷத்துக்கு முன் ஒரு வெள்ளம். கீழ்ப் பலகையைப் பிய்த்துக்கொண்டு போய்விட்டது. இருபதடிக்கு மேலே வேறு பலகை, அது தப்பித்தது. வெள்ளம் வடிந்து மட்டம் பதினைந்துக்கு வந்ததும் புதுத் தகடுகள் வந்தன. அன்றைக்கிருந்த இன்ஜினியர் பொழுது சாய்வதற்குள் மாட்டச் சொன்னார். நானும் என் கூட்டாளி நெட்டையும் படகில் நின்று மாட்டினோம். பழைய போல்ட் துளைகள் தண்ணீருக்குள். குத்துமதிப்பாக மாட்டிவிட்டோம். கோடையில் தண்ணீர் இறங்கியபோது துளைகள் பல்லிளித்தன. பலகை இரண்டடி மேலே நின்றது, உள்ளே பன்னிரண்டு இருந்தால் பத்து என்று காட்டும். சொன்னால் வேலை போகும் என்றான் நெட்டை. நானும் வாயை மூடிக்கொண்டேன்.

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் என்ன. பத்துல மூடச் சொல்லுவாங்க. நாங்க நாலு விரல் எடம் விட்டு மூடுவோம். நாலு நாள்ல அந்த ரெண்டடியும் கடைமடைக்குப் போயிடும். நோட்டு எழுதறதும் நாங்கதான். பத்துன்னே எழுதி வெப்போம்."

"எல்லா வருஷமுமா?"

"தண்ணி கொறஞ்ச வருஷமெல்லாம். நான் ரிட்டயர் ஆன பிறகு நெட்டை பாத்துக்கிட்டான். ரெண்டு வருஷம் முன்னாடி அவனும் செத்துப் போயிட்டான். பொத்தானோட மோட்டார் நாலு விரலுக்கு நிக்காது. ஒரேடியா மூடுது."

"இத ஒருத்தர்கிட்டயும் சொல்லலையா?"

"சொன்னா அந்தத் தண்ணி கடைமடை வரைக்கும் போயிருக்குமா? வழியிலேயே பங்கு போட்டிருப்பீங்க."

அவள் கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவளோ இந்த வருஷத்து நோட்டைப் புரட்டினாள். ஒரு பக்கத்தில் விரல் நின்றது. ஒரே நாளில் இருபதிலிருந்து பதினெட்டுக்கு இறங்கியிருந்தது. மேல் பலகை முடிந்து கீழ்ப் பலகை தொடங்கும் நாள் அது. நாங்கள் இருந்தவரை அந்த இரண்டடியைப் பத்து நாளுக்குப் பிரித்து எழுதுவோம். பொத்தான் கண்ணால் கண்டதை அப்படியே எழுதுகிறவன். போன இரண்டு வருஷமும் நல்ல மழை, தண்ணீர் இருபதுக்குக் கீழே வரவே இல்லை.

"இத நான் கையெழுத்துப் போட்டு அனுப்பிச்சிருக்கேன்," என்றாள் மெதுவாக. "கருவிக் கோளாறுன்னு. அப்பதான் பலகையப் பாத்துக் கருவிய மாத்தி வெச்சோம்."

"கையெழுத்து நல்லாத்தான் இருக்கு."

டேப்பை எடுத்துக்கொண்டு இறங்கினாள். மதகு மேடையிலிருந்து அடிவாசல் வரை, அதாவது அளவு பூஜ்யத்தில் தொடங்கும் இடம் வரை, வரைபடத்தில் அறுபத்தாறு அடி. டேப் நுனியில் பொத்தான் ஒரு நட்டைக் கட்டி விட்டான். ஐம்பத்து நாலில் தண்ணீர் தொட்டது. மறுபடி விட்டான். மறுபடியும் ஐம்பத்து நாலு. அறுபத்தாறில் ஐம்பத்து நாலு போனால் எவ்வளவு என்று நான் கேட்கவில்லை. முப்பது வருஷமாக எத்தனை படித்தவர்கள் இந்த மேடையில் நின்று காற்று வாங்கினார்கள். ஒருவராவது ஒரு கயிற்றை விட்டுப் பார்த்திருக்கலாம்.

"நாலு நாளைக்குத் தொறங்க," என்றாள் பொத்தானிடம். என்னிடம், "இத நான் மேல எழுதியாகணும். உங்க பேரும் வரும்," என்றாள்.

"எழுதுங்க. அடுத்த வருஷம் இந்த ரெண்டடி யாருக்கு?"

"அது கமிட்டி முடிவு பண்ணும்."

கமிட்டி யாருக்கு முடிவு பண்ணும் என்பது எனக்குத் தெரியும். நகரத்தில் குழாயைத் திறந்துவைத்துக்கொண்டு பல் விளக்குகிறவனுக்கு.

மூன்றாம் நாள் காலை மகளின் வயலுக்குப் போனேன். தண்ணீர் வந்திருந்தது. மண்வெட்டியோடு வரப்பை அடைத்துக்கொண்டிருந்தாள். பொத்தான் அவளிடம் எல்லாவற்றையும் உளறியிருக்கிறான்.

"ஏம்ப்பா, வருஷா வருஷம் கடைசியில வந்த தண்ணியெல்லாம் நீங்க விட்டதா?"

"நானும் நெட்டையும்."

"எங்க மாமனார், தலைமடைக்காரங்கதான் மனசு எறங்கி விடுறாங்கன்னு சாகிற வரைக்கும் அவங்களுக்குக் கும்பிடு போட்டாரு. அவங்க வீட்டுக்கு வைக்கோல் போர் போட்டுக் குடுத்தாரு, வெறகு பொளந்து குடுத்தாரு. நீங்க பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டே இருந்தீங்க."

"சொன்னா அவரு ஊர் பூரா சொல்லுவாரு."

"இப்ப மட்டும் எப்படிச் சொன்னீங்க?"

கதிர் ஒன்றைப் பறித்து நகத்தால் கிள்ளினேன். பால் வந்தது.

அதற்கு இரண்டு நாள் கழித்து இன்ஜினியரம்மா ஆளனுப்பிக் கூப்பிட்டாள். தண்ணீர் இறங்கிப் பழைய போல்ட் துளைகள் தெரிந்தன. பலகையைக் கழற்றி அந்தத் துளைகளில் மாட்ட வேண்டும், நான் காட்ட வேண்டுமாம். படகில் பொத்தான் நின்றான். நான் மேலேயிருந்து கையை நீட்டி, "இன்னும் கீழ, இன்னும் கீழ," என்று கத்திக்கொண்டிருந்தேன். துளைக்கு நேராக வந்ததும் அவன் அண்ணாந்து பார்த்தான்.

"இதுதானே பெரியவரே? முடுக்கிடலாமா?"

ஒரு சாண் மேலே என்று சொல்லலாமா என்று தோன்றியது. இன்ஜினியரம்மா டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றாள்.

"முடுக்கித் தொல," என்றேன்.